முப்பது நிமிடக் கடிகாரம்

எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில் அது.
மழை நாளில் எச்சிலும் வேண்டாம்.
நான்காவது சுற்றிலேயே என் உதடு ஊதா, விரல் ஊதா,
மடிப்பலகையில் ஐம்பத்தொரு வண்டிகளின் எண்களும்
எதையோ திருடித் தின்ற பிள்ளைகளின் நாக்குபோல.

ஆர்டென் காடு. அறுபத்து நான்கு, மே மாதம்.
பதினாலு கிலோமீட்டர்.
நேற்றுவரை பால்வண்டி போன சாலை,
நாளை மறுபடி போகும்.
இன்று மட்டும் வளைவுக்கு வளைவு
வைக்கோல் கட்டு அடுக்கி
பந்தயத் தடம் என்று பெயர்.

கண்ணுக்கு முன் காதுக்கு வந்துவிடும் வண்டிகள்.
இத்தாலிக்காரனின் பன்னிரண்டு சிலிண்டர்
தேவாலயத்து ஆர்கன் மலையிலிருந்து சறுக்குவதுபோல.
போர்ஷே, தகர டப்பாவில் குலுக்கிய கூழாங்கல்.
தம்பி லம்பேரின் பச்சை லோட்டஸ்
இரண்டுக்கும் நடுவில் சின்னதாக, கோபமாக,
குளவி.

அப்பாவின் ரொட்டி வேனை விற்று
அந்த எஞ்சினை வாங்கினான்.
அப்பா இப்போது சைக்கிளில் ரொட்டி கொடுக்கிறார்.
வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை;
ஞாயிற்றுக்கிழமை சூப்பில்
உப்பு கூடினாலும் குறைந்தாலும்
காரணம் எல்லோருக்கும் தெரியும்.

என் இடுப்புக்கு எட்டாத வண்டி.
அதன் கண்ணாடி நார் உடம்பைத் தட்டினால்
காலிப் பெட்டியின் சத்தம்.
அவன் அதில் உட்காருவதில்லை, படுத்துக்கொள்கிறான்,
விலாவோரம் பெட்ரோலை அணைத்தபடி.

நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு.
நாலு ஐம்பத்தாறு.
நாலு ஐம்பத்தாறு.
பிறகு நாலு ஐம்பத்தொன்று.
மழையில் இது அதிகம், தம்பி,
என்று எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.

பதினேழாம் சுற்று.
அவனுக்கு முன்னால் போன சிவப்பு வந்தது, எழுதினேன்.
பின்னால் போன வெள்ளி வந்தது, எழுதினேன்.
நடுவில் ஒரு கட்டம் காலி.

ஆறு. ஏழு.
மெக்கானிக் ஓடிலோன் ஸ்பானரைத் துடைக்கிறான்,
துடைத்ததையே துடைக்கிறான்.
ஒலிபெருக்கி ஒரு பியர் விளம்பரத்தை
இரண்டு மொழியில் சொல்லி முடிக்கிறது.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாமல் இருக்க எவ்வளவு கழுத்து வேண்டும் என்று
அன்றுதான் பார்த்தேன்.

நிறுத்துக் கடிகாரத்துக்கு முப்பது நிமிடம்தான் தெரியும்.
சின்ன முள் முப்பதைத் தொட்டதும்
ஒன்றுமே நடக்காததுபோல் பூஜ்யத்திலிருந்து
மறுபடி கிளம்பிவிடும்.
அதற்கு மேல் ஆனதை
ஆள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.
ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்: முப்பது.
மற்ற வண்டிகளை எழுதிக்கொண்டே இருந்தேன்,
ஒன்றையும் விடவில்லை.
கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்துக் கொட்டகையில்
ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.
எழுதுவதை விட்டால் இந்தக் கைக்கு வேறென்ன தெரியும்?

இரண்டாம் கோடு.

பிறகு கொட்டகைகளின் பின்புறம், வேலியோரச் சேற்றில்,
ஹெல்மெட்டை வாளிபோல் தூக்கிக்கொண்டு ஒருவன்.
உள்ளே, செய்தித்தாளில் பொதிந்து,
பாலும் அரிசியும் வைத்துச் சுட்ட அப்பம்.
"வளைவில் தண்ணீர். வேலி தாண்டி
மாட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டேன்.
அந்தம்மா சாப்பிடாமல் விடவில்லை."
"மாடு?" என்றான் ஓடிலோன்.
"மாடு நலம்."

அறைந்தேன்.
முதலில் பொத்தானை அழுத்தினேன்,
பிறகுதான் அறைந்தேன்.
அவன் கன்னத்தில் நாலு விரல் ஊதா.

எண் நாற்பத்தேழு, பதினேழாம் சுற்று:
ஒரு மணி, நாலு நிமிடம், பதினொரு நொடி.
நடந்து வந்தது கணக்கில் சேராது,
அடித்துவிடு என்றார் அணித்தலைவர்.
கோட்டைத் தாண்ட வண்டி வேண்டுமாம்.

அடிக்கவில்லை.
ரொட்டிக்கடைக் கணக்கு நோட்டில்
வேன் விற்ற பக்கத்துக்குள் அந்தத் தாள் இருக்கிறது.
மழை பட்டு மற்ற கட்டங்கள் கரைந்துபோயின.
பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று
அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.